ஹெலிகாப்டர் வருது... அரிவாள் எங்கே?

"ஏனுங்கண்ணா, மேக்கால பார்த்தீங்களா? மலை எரியுதுங்க!"

"போன வருஷமும் இப்படித்தானுங்களே. மழை பேஞ்சா தானா அணைஞ்சுரும். ரெண்டு டீ போடுங்க."

பங்குனி, சித்திரையில் கோவைக்கு மேற்கே எந்த டீக்கடையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழும். இருட்டியதும் மொட்டை மாடியில் ஏறினால் மலைமேல் சிவப்பாக ஒரு கோடு தெரியும். சீரியல் லைட் போட்ட மாதிரி இருக்கும். பிள்ளைகளைக் கூப்பிட்டுக் காட்டுவார்கள். செல்போனில் படம் பிடிப்பார்கள். மறுநாள் காலையில் வாசல் திண்ணையில் கறுப்புச் சாம்பல் கிடக்கும். பெருக்கித் தள்ளிவிட்டு ஆபீசுக்குப் போய்விடுவார்கள்.

2023 ஏப்ரலில் ஆலாந்துறை பக்கம் நாதேகவுண்டன்புதூர் மலையில் தீ பிடித்தபோது அப்படிப் பெருக்கித் தள்ள முடியவில்லை. நாள் கணக்கில் எரிந்தது. வன ஊழியர்கள் ஏறிப் பார்த்தார்கள். செங்குத்துப் பாறை, கால் வைக்க இடம் இல்லை. கடைசியில் விமானப்படை ஹெலிகாப்டர் வந்தது. மலம்புழா அணையில் தண்ணீரை அள்ளி வந்து கொட்டியது. வேடிக்கை பார்க்கக் கூட்டமான கூட்டம்!

அடுத்த ஆண்டு, 2024 மார்ச்சில், அதே காட்சி குன்னூரில். தேயிலைத் தோட்டத்தில் கழிவை எரித்தபோது பரவிய தீ என்று அப்போது சொன்னார்கள். காடு எரிந்தது. மறுபடி ஹெலிகாப்டர். ரேலியா அணையிலிருந்து 16,000 லிட்டருக்கு மேல் தண்ணீர் கொட்டியதாக விமானப்படை கணக்குச் சொன்னது.

16,000 லிட்டர் என்றால் அடேயப்பா என்று தோன்றும். சென்னையில் தெருத்தெருவாக ஓடுகிறதே பெரிய குடிதண்ணீர் லாரி, அது ஒன்றின் கொள்ளளவு 12,000 லிட்டர். ஒன்றரை லாரித் தண்ணீர்கூட இல்லை! விமானப்படையைக் குறை சொல்வதற்கில்லை. உயிரைப் பணயம் வைத்துப் பள்ளத்தாக்கில் பறக்கிறார்கள். ஆனால் மார்ச் மாதம் ஹெலிகாப்டரைக் கூப்பிட வேண்டிய நிலைமை ஏன் வந்தது? ஜனவரியில் அரிவாளைக் கூப்பிடவில்லை. அதுதான் சங்கதி.

எரிவது மரம் அல்ல

மலை எரிகிறது என்றதும் மரம் எரிவதாக எல்லோரும் நினைக்கிறார்கள். நம்ம ஊர்க் காட்டில் பெரும்பாலும் முதலில் எரிவது புல். அப்புறம் சருகு. அப்புறம் புதர். பச்சை மரம் லேசில் பற்றாது. கீழே கிடக்கும் காய்ந்த சரக்குதான் அடுப்புக்கு விறகு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் மலையடிவாரத்தில் புல் இடுப்பு உயரம் வளர்ந்துவிடும். தை மாதப் பனியில் மஞ்சள் தட்டும். மாசியில் கையால் கசக்கினால் பொடியாகிவிடும். அதன் மேல் தேக்கு, மூங்கில் சருகு வேறு. இந்த நேரத்தில் ஒரு பீடித்துண்டு போதும். மேட்டை நோக்கிப் போகிற தீ நடக்காது, ஓடும். மேலே இருக்கிற புல்லைச் சூடாக்கிக்கொண்டே போவதால், சரிவு கூடக் கூட வேகமும் கூடும். ஆளால் ஓடித் தப்ப முடியாது.

இதை 2018 மார்ச் 11-ந் தேதி குரங்கணியில் தமிழ்நாடே பார்த்தது. தேனி மாவட்டத்து மலையில் சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர் பக்கமிருந்தும் போன மலையேறும் கோஷ்டி தீயில் மாட்டிக்கொண்டது. 20-க்கும் மேற்பட்டோர் உயிர் போனது. பலர் இளம் வயதுப் பெண்கள். ஆபீசில் லீவு சொல்லிவிட்டுப் போனவர்கள். அவர்களைச் சுற்றி எரிந்தது மாபெரும் மரங்கள் அல்ல. காய்ந்த புல்!

"மூங்கில் மூங்கிலோடு உரசித் தீப்பிடிக்கும்" என்று பள்ளிக்கூடத்தில் படித்ததை இன்னும் சிலர் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். காட்டில் வேலை பார்க்கிறவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். நம் நாட்டுக் காட்டுத்தீயில் மிகப் பெரும் பகுதி மனிதன் கைவேலை. தெரிந்து வைத்தது பாதி, தெரியாமல் வைத்தது பாதி என்று வைத்துக்கொள்ளலாம். பாவம், மூங்கில் மேல் பழி!

அழகுக்கு வந்த செடி

புல்லாவது ஒரே மூச்சில் எரிந்து போகும். அதைவிட மோசமான ஆசாமி ஒன்று இருக்கிறது. உண்ணிச்செடி.

மருதமலைப் பக்கம், ஆனைகட்டி ரோடு, மசினகுடி... எங்கே போனாலும் ரோட்டோரத்தில் நிற்கும். மஞ்சளும் சிவப்புமாகப் பூ. கறுப்பாகச் சின்னப் பழம். சின்னப் பிள்ளையில் பறித்துத் தின்னாதவர் யார்? அது நம்ம ஊர்ச் செடியே இல்லை. அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. வெள்ளைக்காரன் 200 வருஷத்துக்கு முன் தோட்டத்தில் அழகுக்கு வைத்தான். பழத்தைத் தின்ற பறவை காட்டில் விதையைப் போட்டது. முடிந்தது கதை. இன்று முதுமலை, பந்திப்பூர், பிளிகிரி ரங்கன் மலை எங்கும் அதன் ராஜ்யம்தான்.

மான் அதைச் சாப்பிடாது. மாடும் வாய் வைக்காது. வைத்தால் நோவு வரும். அது வளர்ந்த இடத்தில் புல் வராது. யானைக்கும் காட்டெருமைக்கும் தீனி போச்சு. அவை ஊருக்குள் வருவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தீ விஷயத்தில் இந்தச் செடி ஏணி மாதிரி. தரையில் போகிற தீ, புதரைப் பிடித்து ஏறி மரக்கிளைக்குப் போய்விடும். புல்லோடு போக வேண்டிய தீ, காட்டையே தின்னும். எரிந்தால் செடியும் ஒழியுமே என்று கேட்கலாம். அதுதான் இல்லை. மற்ற செடி எல்லாம் கருகிக் கிடக்கும்போது, அடிக்கட்டையிலிருந்து முதலில் துளிர்ப்பது இந்த ஆசாமி. தீ வந்தால் உண்ணிச்செடி கூடும். உண்ணிச்செடி கூடினால் தீ பலக்கும். பெங்களூர் ஆராய்ச்சிக்காரர்கள் 2005-லேயே இப்படி ஒரு சக்கரம் சுற்றுவதாக எழுதினார்கள்.

பிளிகிரி ரங்கன் மலையில் சோளகர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் ஒரு பழைய வழக்கம் இருந்தது. கோடை தொடங்குமுன், சருகு அரைகுறையாகக் காய்ந்திருக்கும்போதே சின்னத் தீ வைத்து எரித்துவிடுவார்கள். முழங்கால் உயரத் தீ. சருகு போகும், இளஞ்செடி போகும், மரம் நிற்கும். 1974-ல் சரணாலயம் ஆக்கியபிறகு அந்த வழக்கத்துக்குத் தடை வந்தது. சின்னத் தீ நின்றது. அதனால்தான் உண்ணிச்செடி பெருகியது, பெரிய தீ வந்தது என்று சோளகர்கள் சொல்கிறார்கள். முழுக்க அவர்கள் பேச்சையே எடுத்துக்கொள்ள வேண்டாம். ஆனால் தலைமுறை தலைமுறையாகக் காட்டில் இருக்கிறவன் சொல்வதை, காலேஜில் படித்துவிட்டு வந்தவன் காது கொடுத்தாவது கேட்க வேண்டாமா?

கோடு போடும் வேலை

தீத்தடுப்புக் கோடு என்று ஒன்று உண்டு. காட்டுக்காரர்கள் ஃபயர் லைன் என்பார்கள். மைசூர் ரோட்டில் ஜனவரி, பிப்ரவரியில் போனால் பார்க்கலாம். ரோட்டின் இருபுறமும் பட்டையாகப் புல்லை அறுத்துப் போட்டிருப்பார்கள். காய்ந்ததும், காற்று இல்லாத நேரம் பார்த்து எரிப்பார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் பச்சைக்கிளையோடு நிற்பார்கள். தீ எல்லை தாண்டினால் அடித்து அணைக்க வேண்டும். ரோட்டில் போகிற காரிலிருந்து யாராவது சிகரெட்டை எறிந்தாலும், அந்தக் கறுப்புப் பட்டையில் விழுந்து அவிந்து போகும். மலைக்குள்ளேயும் இப்படிக் கோடு உண்டு. ஒரு பக்கம் எரிந்தால் மறுபக்கம் தாவாது. வரப்பு வெட்டித் தண்ணீரைத் தடுப்பதுபோல.

இதில் பெரிய சூட்சுமம் எதுவும் இல்லை. கூலி ஆள், அரிவாள், நேரம் - இவைதான். அதிலும் நேரம்தான் உயிர். ஜனவரியில் பணம் கைக்கு வந்தால் கோடு விழும். பைல் மேஜை மேஜையாக நகர்ந்து மார்ச்சில் பணம் வந்தால்? கோட்டுக்கு வைக்கிற தீயே காட்டுத்தீ ஆகிவிடும். அறுக்காமல் விட்டாலும் ஆபத்து, தாமதமாக எரித்தாலும் ஆபத்து.

முதுமலைக்குப் பக்கத்திலேயே பந்திப்பூர். 2019 பிப்ரவரியில் அங்கே 4,000 ஹெக்டேருக்கு மேல் சாம்பல். அங்கேயும் ஹெலிகாப்டர் வந்தது. கோடு போடுவதில் சுணக்கம் என்று அப்போது புகார் கிளம்பியது. புலியைப் பார்க்க உலகமே வருகிற காடு அது. அங்கேயே இந்தக் கதி.

கோடு போடுகிற ஆள் யார்? பெரும்பாலும் இருளர், குறும்பர் வீட்டுப் பிள்ளைகள். கோடை மூன்று நாலு மாதத்துக்குத் தற்காலிக வேலை. காலில் ரப்பர் செருப்பு. கையில் கிளை. இப்போது சில இடங்களில் சருகை ஊதித் தள்ளும் மிஷின் கொடுத்திருக்கிறார்கள். நல்ல காரியம். அதைத் தூக்கிக்கொண்டு மலை ஏறுவதும் அதே ஆள்தான்.

2020 பிப்ரவரி 16-ந் தேதி கேரளத்தில் திருச்சூர் மாவட்டம் கொட்டம்பத்தூரில் மூன்று வனக் காவலாளிகள் தீயில் சிக்கி இறந்தார்கள். காகித ஆலைக்காக மரம் வளர்த்த தோட்டம் அது. அடியில் புதர் மண்டிக் கிடந்தது என்று ஊர்க்காரர்கள் குமுறினார்கள். புதரை வெட்ட வேண்டியது ஒருவர், அதில் வெந்தது வேறொருவர். கொட்டம்பத்தூர் கோவையிலிருந்து எட்டிவிடும் தூரம்தான்.

ஆட்டுக்கு வேலை

சரி, ஆள் போட்டு அறுக்கக் காசு இல்லை என்றால் ஆட்டை விடலாமே? அமெரிக்காவில் அதைத்தான் செய்கிறார்கள்.

கலிபோர்னியாவில் ஓக்லாந்து என்று ஒரு நகரம். கோவை மாதிரியே மலையை ஒட்டிய ஊர். மலை முழுக்கப் பூங்கா. பூங்கா ஓரம் பங்களாக்கள். பாதி மலையில் தைலமரம். ஊட்டியில் நிற்கிறதே, அதே ஆஸ்திரேலியா மரம்தான். பட்டை பட்டையாக உரிந்து கீழே குவியும், எண்ணெய்ச் சத்து வேறு. 1991 அக்டோபர் 19-ந் தேதி ஒரு புல் தீ. அணைத்தாகிவிட்டது என்று நினைத்தார்கள். மறுநாள் காய்ந்த காற்று அடித்தது. சாம்பலுக்கு அடியில் இருந்த கங்கு கிளம்பிவிட்டது. 25 பேர் சாவு. சுமார் 3,000 வீடுகள் காலி. பணக்காரர் வீடுகள். கார் ஷெட்டோடு போச்சு!

அந்தப் பக்கத்துப் பூங்காக்களில் இப்போது ஆட்டு மந்தையை வாடகைக்குப் பிடித்து மேய விடுகிறார்கள். மனுஷன் நிற்க முடியாத சரிவில் ஆடு நிற்கும். முள்ளையும் தின்னும். கூடவே ஆள் வைத்து மரத்தடிப் புதரையும் வெட்டுகிறார்கள். எந்த மரத்தை வெட்டுவது, எதை விடுவது என்று கோர்ட்டு வரைக்கும் சண்டை போட்டிருக்கிறார்கள். சண்டை போட்டாலும் வேலை நடக்கிறது.

இங்கே ஆட்டுக்காரர் கதை வேறு. 2022 மார்ச்சில் சென்னை ஐகோர்ட்டு, காட்டில் கால்நடை மேயக்கூடாது என்று உத்தரவு போட்டது. முதலில் எல்லாக் காட்டுக்கும் என்று இருந்தது. மலைமாடு மேய்க்கிறவர்கள் பதறினார்கள். பிறகு தேசியப் பூங்கா, சரணாலயம், புலிகள் காப்பகம் இவற்றுக்கு மட்டும் என்று திருத்தினார்கள்.

இதில் இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. "மாடு மேய்ஞ்சா புல்லு கட்டையாகும், தீ எங்கிருந்து வரும்?" என்பது மேய்ப்பவர் வாதம். "புதுப்புல் முளைக்கட்டும் என்று தீ வைக்கிறதே அவர்களில் சிலர்தான். மாட்டு நோய் காட்டெருமைக்கு ஒட்டும். புலி அடித்தால் நஷ்டஈடு கேட்பார்கள்" என்பது வனத்துறை வாதம். புலி இருக்கும் இடத்தில் மாட்டை விட வேண்டாம், சரிதான். ஆனால் ஊரும் காடும் சேரும் அடிவாரப் பட்டையில், ஜனவரியில் புல்லை அறுத்துக் கட்டித் தூக்கிக்கொண்டு போக அனுமதித்தால் யாருக்கு என்ன நஷ்டம்? தீவனம் விற்கிற விலையில் ஒரு கட்டுப் புல் சும்மா கிடைத்தால் வேண்டாம் என்று எந்த மாட்டுக்காரர் சொல்வார்? வனத்துறைக்குக் கூலி மிச்சம். வன ஊழியர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டால் போதும்.

உண்ணிச்செடியைத்தான் ஆடு மாடு தொடாதே? அதை வேரோடு பிடுங்க வேண்டும். அடிவேரை வெட்டித் தலைகீழாகக் கவிழ்க்க வேண்டும். இல்லாவிட்டால் திரும்ப வரும். ஒரு தரம் பிடுங்கினால் போதாது, இரண்டு மூன்று வருஷம் அதே இடத்துக்குப் போக வேண்டும். அந்த இடத்தில் நாட்டுப்புல் விதைக்க வேண்டும். அந்நியச் செடிகளை ஒழிக்கத் தமிழ்நாடு அரசு 2022-ல் தனிக் கொள்கையே வெளியிட்டது. நீலகிரியில் மஞ்சள் பூ பூக்கிற இன்னொரு அந்நிய மரத்தை வெட்டி, கரூர் அருகே உள்ள அரசு காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். உண்ணிக் குச்சியில் பழங்குடிப் பெண்களும் ஆண்களும் யானை பொம்மை செய்கிறார்கள், வெளிநாடு போகிறது. பலே! ஆனால் பொம்மைக்குத் தேவைப்படுவது கொஞ்சம். மலையில் இருப்பது மலையளவு.

மொட்டையடிக்கச் சொல்லவில்லை

இந்தப் பேச்சை எடுத்தாலே மரப் பிரியர்களுக்குக் கோபம் வரும். "சுத்தம் பண்ணுறேன்னு காட்டையே காலி பண்ணிருவாங்க" என்பார்கள். அந்தப் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. சுத்தம் என்று சொல்லி ஜே.சி.பி.யைக் கொண்டுவந்து மலையைச் சுரண்டினால், அடுத்த மழையில் மண் முழுக்க ரோட்டுக்கு வந்துவிடும். அது வேண்டவே வேண்டாம். எல்லாப் புல்லையும் அறுக்கத் தேவை இல்லை. மானுக்கும் முயலுக்கும் வேண்டும். ரோட்டோரம், பாதையோரம், ஊர் எல்லை, மின்கம்பிக்குக் கீழே - இந்த இடங்களில் பட்டையாக எடுத்தால் போதும். நடுக்காட்டை விட்டுவிடலாம். கையால் செய்கிற வேலை. வேர் மண்ணில் இருக்கும்.

மின்வாரியமும் இதில் பங்காளிதான். தொங்குகிற கம்பி காற்றில் உரசிப் பொறி தட்டினால் கீழே காய்ந்த புல். கம்பிக்குக் கீழே வெட்டிவிட்டோம் என்று ரிஜிஸ்தரில் எழுதினால் ஆயிற்றா?

அப்புறம் நம்ம ஜனங்கள். வடவள்ளி, துடியலூர் தாண்டினால் அடிவாரம் வரைக்கும் மனைப்பிரிவு. மனை வாங்கிப் போட்டவர் திருப்பூரில் இருப்பார், துபாயில் இருப்பார். மனையில் புல் ஆள் உயரம். பக்கத்து வீட்டுக்காரர் பாம்புக்குப் பயந்து ஒரு நாள் தீக்குச்சி கிழித்துப் போடுவார். அது வேலி தாண்டி, பள்ளம் தாண்டி மலைக்குப் போய்விடும். குப்பைக்குத் தீ வைப்பதும் இதே கதைதான். வெள்ளியங்கிரிக்குப் போகும் பக்தர்களை அடிவாரத்தில் சோதனை போடுகிறார்கள். பீடி, தீப்பெட்டி பிடுங்கினால் சிலருக்குக் கோபம் வருகிறது. ஏழு மலை ஏறுகிற வைராக்கியம் உள்ளவருக்கு ஒரு பீடியை விட முடியாதா? ரிசார்ட்டில் ராத்திரி கட்டையைக் கொளுத்தி ஆடுகிறவர்களை யார் சோதனை போடுவது என்றும் தெரியவில்லை.

போர்டு வைப்பார்களா?

காலி மனைக்காரருக்கு டிசம்பரிலேயே நோட்டீஸ் கொடுக்கலாம். பொங்கலுக்குள் புல்லை அறுக்காவிட்டால் பஞ்சாயத்தே அறுத்து, கூலியை வரியோடு சேர்த்து வசூலிக்கட்டும். ஒரு வருஷம் வசூல் பண்ணிப் பார்க்கட்டும், மறு வருஷம் தானாக அறுப்பார்கள்.

வனத்துறை இன்னொன்று செய்யலாம். பூண்டி, மருதமலை, ஆனைகட்டி செக்போஸ்ட்டுகளில் "யானை நடமாட்டம் உள்ள பகுதி" என்று போர்டு இருக்கிறது அல்லவா? அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு போர்டு. இந்த வருஷம் போட வேண்டிய தீத்தடுப்புக் கோடு எத்தனை கிலோ மீட்டர், இன்றைய தேதி வரை போட்டது எத்தனை, வேலையில் இருப்பவர் எத்தனை பேர், அவர்களுக்குக் கடைசியாகச் சம்பளம் கொடுத்த தேதி எது? நாலே வரி, சாக்பீசில் எழுதினாலும் போதும். பஸ்ஸில் போகிறவர் படிப்பார். தை பிறந்த பிறகும் எண் மாறாமல் இருந்தால் டீக்கடையில் கேள்வி கிளம்பும்.